தடை உத்தரவு கைக்கு வந்த அந்த 24 மணி நேரம்: கலிஃபோர்னியாவில் துப்பாக்கியை ஒப்படைப்பது எப்படி?

ஊரில் துப்பாக்கி என்றால் நமக்கு நினைவுக்கு வருவது பேங்க் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் செக்யூரிட்டியின் இரட்டைக் குழல்தான். லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் மிகச் சிலர். தேர்தல் அறிவித்ததும் அவர்கள் அதைக் கொண்டுபோய் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து, ரசீது வாங்கிக்கொண்டு வருவார்கள். முடிவு வந்த பிறகு ரசீதைக் காட்டித் திரும்ப வாங்குவார்கள். அந்த ஒப்படைப்பும் ரசீதும் உங்களுக்குத் தெரியும் என்றால், இந்தக் கட்டுரையில் சொல்லப்போகும் விஷயத்தில் பாதி புரிந்துவிட்டது. மீதிப் பாதிதான் சிக்கல்.

கலிஃபோர்னியாவில் நம்மவர்கள் பலர் கிரீன் கார்டு வந்த பிறகு, தெருவில் ஒரு திருட்டு நடந்ததும், ஒரு கைத்துப்பாக்கி வாங்கி சேஃபில் பூட்டி வைக்கிறார்கள். பிறகு அதை மறந்தே போகிறார்கள். என்றாவது ஒருநாள் வீட்டுச் சண்டை முற்றி, கோர்ட்டிலிருந்து தடை உத்தரவு வருகிறது. வீட்டை விட்டுப் போ, நூறு கஜம் தள்ளி நில் என்பதெல்லாம் எல்லோருக்கும் புரிகிறது. துப்பாக்கியைப் பற்றிய பத்தியைத்தான் யாரும் படிப்பதில்லை.

நான் வக்கீல் இல்லை. புதிதாக வந்தவர்களுடன் கோர்ட்டுக்குக் கூடப் போய், தாளில் உள்ளதைத் தமிழில் சொல்லி உதவுகிற ஆள். உங்கள் வழக்குக்கான ஆலோசனையை வக்கீலிடமோ, ஒவ்வொரு கவுன்டி கோர்ட்டிலும் இலவசமாக இயங்கும் செல்ஃப் ஹெல்ப் சென்டரிலோ கேளுங்கள். இங்கே உள்ளது கலிஃபோர்னியா நடைமுறை மட்டும். டெக்சாஸிலோ நியூ ஜெர்சியிலோ இருப்பவர்கள் மத்திய அரசின் சட்டத்தைப் பற்றிய பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

முதலில், வந்திருப்பது எந்த உத்தரவு?

இரவு 11 மணிக்கு 911 அழைத்து போலீஸ் வந்தால், அந்த அதிகாரியே போனில் நீதிபதியிடம் பேசி அவசரப் பாதுகாப்பு உத்தரவு வாங்க முடியும். அது கோர்ட் வேலை நாள் கணக்கில் 5, காலண்டர் கணக்கில் 7, இரண்டில் எது முதலில் முடிகிறதோ அதுவரைதான் செல்லும். அதற்குள் கோர்ட்டுக்குப் போய் அடுத்த உத்தரவு வாங்க வேண்டும்.

கணவன், மனைவி, முன்னாள் துணை, பெற்றோர், உடன்பிறந்தவர் போன்றவர்களுக்கு எதிராக வாங்குவது குடும்ப வன்முறைத் தடை உத்தரவு. ஃபார்ம் எல்லாம் ‘டிவி’ (DV) என்று தொடங்கும். பக்கத்து வீட்டுக்காரர் தொல்லைக்கு ‘சிஎச்’, முதியோர் கொடுமைக்கு ‘இஏ’, வேலையிட வன்முறைக்கு ‘டபிள்யூவி’. உடல்ரீதியான மிரட்டலே இல்லாத சில முதியோர் பண மோசடி வழக்குகளை விட்டுவிட்டால், இவை எல்லாவற்றிலும் துப்பாக்கித் தடை தானாகவே வரும்.

தனியாக நிற்பது ‘ஜிவி’ வரிசை, அதாவது துப்பாக்கி வன்முறைத் தடை உத்தரவு. இது ஒருவரை வீட்டை விட்டு அனுப்பாது, தள்ளி நிற்கச் சொல்லாது. துப்பாக்கியை மட்டும் எடுத்துக்கொள்ளும். 2014 மே மாதம் சான்டா பார்பரா அருகே இஸ்லா விஸ்டாவில் ஓர் இளைஞன் ஆறு பேரைக் கொன்றான். சில வாரங்களுக்கு முன்பே தாய் கவலைப்பட்டு, அதிகாரிகள் அவன் வீட்டு வாசல் வரை வந்து பேசிவிட்டுத் திரும்பியிருந்தார்கள். குற்றம் நடக்காத நிலையில் துப்பாக்கியை எடுக்க அன்று வழி இல்லை. அதே ஆண்டு சட்டம் இயற்றி, 2016 ஜனவரி 1 முதல் நடைமுறைப்படுத்தினார்கள். மகன் மனமுடைந்து தற்கொலை பற்றிப் பேசுகிறான், வீட்டில் துப்பாக்கி இருக்கிறது என்ற நிலையில் இருக்கும் பெற்றோருக்கு இதுதான் சரியான வழி. யாரையும் குற்றவாளி ஆக்காது.

உத்தரவு கேட்கிறவர் கவனிக்க வேண்டியது

டிவி-100 என்ற ஃபார்மை நிரப்பிக் கொடுக்க வேண்டும். கட்டணம் கிடையாது. விசா நிலையைக் கோர்ட் கேட்காது. எச்-4 விசாவில், அதாவது கணவரின் வேலை விசாவை நம்பி, இருக்கிற பெண்கள் பலர் இதற்குத்தான் முதலில் பயப்படுகிறார்கள். தடை உத்தரவு விவாகரத்து அல்ல. அதைக் கேட்பதால் மட்டும் விசா போய்விடாது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் ஐஎன்டி-300 என்ற ஃபார்மை முன்கூட்டியே கொடுங்கள்; அதுவும் இலவசம். தமிழுக்கு ஆள் கிடைக்க நேரமாகும், அதனால் விசாரணைக்கு முந்தின நாள் போய்க் கேட்காதீர்கள். ஃபார்மை ஆங்கிலத்தில்தான் நிரப்ப வேண்டும்.

அந்த ஃபார்மில், எதிர்த்தரப்பிடம் துப்பாக்கி இருக்கிறதா என்று ஒரு கேள்வி வரும். நான் கூடப் போனவர்களில் பாதிப் பேர் அந்த இடத்தில் பேனாவை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்திருக்கிறார்கள். “அதை எதுக்குண்ணா எழுதணும், அவர் அதை எடுத்ததே இல்லையே” என்றார் ஒரு தங்கை. பத்து நிமிடம் கழித்து, போன தீபாவளி சண்டையில் அவர் சேஃபைத் திறந்து வைத்துவிட்டு ஹாலில் உட்கார்ந்திருந்ததைத் தானாகவே சொன்னார். எடுக்கவில்லை, நீட்டவில்லை. திறந்து வைத்தார், அவ்வளவுதான். அதுவும் எழுத வேண்டிய விஷயம்.

‘துப்பாக்கி உண்டு’ என்று மொட்டையாக எழுதினால் பயன் குறைவு. கறுப்பு நிறக் கைத்துப்பாக்கி ஒன்று, படுக்கையறை அலமாரியின் மேல்தட்டில் சாம்பல் நிற சேஃப், நம்பர் பூட்டு. ஒரு நீளத் துப்பாக்கி, கராஜில் கிரிக்கெட் கிட் பைக்குப் பின்னால். தோட்டாப் பெட்டி இரண்டு, காரின் டிக்கியில் என்று எழுதுங்கள். மாடல் பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை. போட்டோ இருந்தால் நல்லது. ஆனால் போட்டோ எடுப்பதற்காகவோ ஒளித்து வைப்பதற்காகவோ அதைத் தொடாதீர்கள்.

எல்லாம் அரசின் கம்ப்யூட்டரில் இருக்குமே, நாம் எதற்குச் சொல்ல வேண்டும் என்று கேட்பார்கள். இருக்காது. கைத்துப்பாக்கி விற்பனைக்கு மாநிலத்தில் பழைய பதிவு உண்டு. ஆனால் ரைஃபிள், ஷாட்கன் போன்ற நீளத் துப்பாக்கிகளின் விற்பனைப் பதிவைக் கலிஃபோர்னியா வைத்துக்கொள்ளத் தொடங்கியது 2014இல்தான். அதற்கு முன் வாங்கியது, உதிரிபாகம் வாங்கி வீட்டில் கோத்தது, இவையெல்லாம் நீதிபதியின் திரையில் வராமல் போகலாம். அந்த இடத்தில் உங்கள் வாய்வார்த்தைதான் பதிவு.

கொடுத்த அன்றே, தாமதமானால் அடுத்த வேலை நாளில், நீதிபதி தற்காலிக உத்தரவு பற்றி முடிவு சொல்வார். கிடைத்தால் அது டிவி-110. அதை எதிர்த்தரப்பின் கையில் கொடுப்பது உங்கள் வேலை இல்லை. நீங்கள் கொடுக்கவும் கூடாது. ஷெரிஃப் அலுவலகம் இலவசமாகச் செய்யும். அங்கே தாளைக் கொடுக்கும்போதே, வீட்டில் துப்பாக்கி இருக்கிறது, இந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். தாள் கொடுக்கப்படும் நாளில் நீங்களும் பிள்ளைகளும் வேறு இடத்தில் இருப்பது நல்லது. உத்தரவு அவர் கைக்குப் போனதற்கும் துப்பாக்கி வீட்டை விட்டு வெளியேறுவதற்கும் நடுவிலுள்ள நேரம்தான் எனக்கு எப்போதும் வயிற்றைக் கலக்கும் நேரம். பேச ஆள் வேண்டுமென்றால் தேசியக் குடும்ப வன்முறை உதவி எண் 1-800-799-7233. 24 மணி நேரமும் எடுப்பார்கள்.

உத்தரவு உங்கள் மேல் வந்திருந்தால்

கோபம் வரும். பொய் சொல்லி வாங்கிவிட்டாள் என்றோ வாங்கிவிட்டான் என்றோ தோன்றும். அதையெல்லாம் சொல்ல விசாரணை நாள் இருக்கிறது. துப்பாக்கி விஷயத்தில் அதுவரை காத்திருக்க முடியாது. தற்காலிக உத்தரவாக இருந்தாலும், உங்கள் தரப்பை யாரும் கேட்காமலே வந்திருந்தாலும், தாள் கையில் கிடைத்த நிமிடத்திலிருந்து கடிகாரம் ஓடுகிறது.

தாள் கொடுக்க வந்த அதிகாரி துப்பாக்கியைக் கேட்டால், அப்போதே கொடுக்க வேண்டும். நீங்களே எடுத்து வரப் போகாதீர்கள். கையை அவர் பார்வையில் வைத்துக்கொண்டு, எங்கே இருக்கிறது, பூட்டு எண் என்ன என்று சொல்லுங்கள். அவர் சொல்கிறபடி செய்யுங்கள். கேட்கவில்லை என்றால், 24 மணி நேரத்துக்குள் நீங்களாகவே போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும், அல்லது லைசென்ஸ் பெற்ற துப்பாக்கி வியாபாரியிடம் விற்கவோ பத்திரமாக வைக்கக் கொடுக்கவோ வேண்டும். வழி இவ்வளவுதான். தம்பியிடம் கொடுத்து வைப்பது, ஃப்ரீமான்ட்டில் இருக்கும் நண்பன் வீட்டு கராஜில் போடுவது, ஸ்டோரேஜ் யூனிட் எடுப்பது எதுவும் செல்லாது. நகையை அக்கா வீட்டு லாக்கரில் வைக்கிற பழக்கத்தில் நம்மவர்கள் இதைத்தான் முதலில் யோசிக்கிறார்கள். வாங்கி வைத்த நண்பனும் சேர்ந்து மாட்டிக்கொள்ளலாம்.

துப்பாக்கி மட்டும் அல்ல. தோட்டாக்கள், துப்பாக்கியின் அடிப்பாகமான ஃபிரேம், ரிசீவர், பாதி செய்து முடிக்காமல் கிடக்கும் பாகங்கள், எல்லாம் கணக்கில் வரும். தோட்டா அடுக்கிச் செருகும் மேகசீனையும் சேர்த்தே கொடுத்துவிடுங்கள். மேசை டிராயரின் மூலையில் உருண்டு கிடக்கும் நாலு தோட்டாவைத் தேடி எடுப்பதுதான் பலருக்கு மறந்துபோகிறது. ஜாக்கெட் பை, ஜிம் பேக், கார் கிளவ் பாக்ஸ், எல்லாவற்றையும் பாருங்கள். அந்த வீட்டுக்குள் நீங்கள் போகக்கூடாது என்று உத்தரவு சொல்லியிருந்தால், எடுக்கிறேன் என்று அங்கே போகாதீர்கள். போலீஸுக்கு போன் செய்து, துப்பாக்கி அங்கே இருக்கிறது, உத்தரவால் என்னால் போக முடியவில்லை என்று சொல்லுங்கள்.

ஸ்டேஷனுக்குக் கிளம்பும் முன் அவசரத்துக்கு இல்லாத சாதாரண எண்ணுக்கு போன் செய்யுங்கள். சில ஸ்டேஷன்களில் அப்பாயின்ட்மென்ட் கேட்பார்கள், சில இடங்களில் கட்டணம் உண்டு. துப்பாக்கியில் தோட்டா இருக்கக்கூடாது. பூட்டிய பெட்டியில் வைத்து டிக்கியில் வையுங்கள். தோட்டா தனிப் பையில். ஸ்டேஷன் வாசலில் காரை நிறுத்திவிட்டு, பெட்டியை டிக்கியிலேயே விட்டு, வெறுங்கையோடு உள்ளே போய், இந்த உத்தரவுப்படி ஒப்படைக்க வந்திருக்கிறேன் என்று தாளைக் காட்டுங்கள். அதிகாரி வெளியே வந்து எடுத்துக்கொள்வார். துப்பாக்கியைக் கையில் பிடித்தபடி உள்ளே நுழைகிற காட்சி வேண்டவே வேண்டாம். விசாரணை நாளில் கோர்ட்டுக்கு எடுத்துக்கொண்டு போவதும் அதே ரகம்.

டிவி-800 என்ற ரசீது ஃபார்மை முன்னாடியே பிரின்ட் எடுத்துக்கொண்டு போங்கள். போலீஸோ வியாபாரியோ அதில் எத்தனை, என்ன மாடல், சீரியல் எண் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். சீரியல் எண்ணை ஒவ்வொரு இலக்கமாகச் சரிபாருங்கள்; பின்னாடி திரும்பக் கேட்கும்போது 8-க்கும் பி-க்கும் உள்ள குழப்பத்தில் மாதக்கணக்கில் அலைய வேண்டி வரும். அந்த ரசீதைத் தாள் கைக்கு வந்த 48 மணி நேரத்துக்குள் கோர்ட்டில் தாக்கல் செய்ய வேண்டும். உங்களுக்குத் தாளைக் கொண்டுவந்து கொடுத்த போலீஸ் அல்லது ஷெரிஃப் அலுவலகத்துக்கும் ஒரு பிரதி போக வேண்டும். துப்பாக்கியை ஒழுங்காக ஒப்படைத்துவிட்டு, ரசீதை மேசையில் வைத்து மறந்துபோனால் அதுவும் உத்தரவை மீறியதுதான்.

துப்பாக்கியே இல்லையென்றால்? டிவி-120 என்ற பதில் ஃபார்மில் அப்படியே எழுதுங்கள். விற்றுவிட்டது என்றால் எப்போது, எந்தக் கடை வழியாக என்று பில்லோடு காட்டுங்கள்.

பதிவில்லாத துப்பாக்கி இருக்கிறது, ஒப்படைத்தால் அதற்கே வழக்கு வருமோ என்று பயப்படுகிறவர்களும் உண்டு. தன்னைத் தானே குற்றப்படுத்திக்கொள்ளாத உரிமையை இங்கே கோரலாம். அதற்கு ஈடாக, ஒப்படைத்த செயலை உங்களுக்கு எதிராகப் பயன்படுத்தாத பாதுகாப்பை நீதிபதி தர முடியும். இதை வக்கீல் இல்லாமல் செய்யாதீர்கள்.

வேலைக்கே துப்பாக்கி வேண்டியவர்களுக்கு, உதாரணமாக செக்யூரிட்டி கார்டுகளுக்கு, ஒரு குறுகிய விலக்கு சட்டத்தில் இருக்கிறது. குறிப்பிட்ட ஒரு துப்பாக்கி வேலைக்குக் கட்டாயம், துப்பாக்கி தேவைப்படாத வேறு வேலைக்கு முதலாளியால் மாற்ற முடியாது என்று காட்டி நீதிபதியிடம் அனுமதி வாங்க வேண்டும். கிடைத்தாலும் டியூட்டி நேரத்துக்கும் போய்வருவதற்கும் மட்டும். மத்திய சட்டத்தில் தனியார் கார்டுக்கு அந்த விலக்கு கிடையாது என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

விசாரணைக்குப் பிறகு

தற்காலிக உத்தரவு வந்து சுமார் 21 நாளில் விசாரணை வைப்பார்கள். இரு தரப்பையும் கேட்டு நீதிபதி முடிவு செய்தால் அது டிவி-130. 5 ஆண்டு வரை நீடிக்கலாம், பிறகு புதுப்பிக்கவும் முடியும். துப்பாக்கி ஒப்படைக்கப்பட்டதா என்று நீதிபதி அன்று பார்ப்பார். ரசீது வந்து சேரவில்லை என்றால், உத்தரவு கேட்டவர் அதை அங்கேயே எழுந்து சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டு இருக்காதீர்கள். ஒப்படைக்க மறுப்பவர் வீட்டில் தேடுவதற்கு வாரன்ட் வழங்கவும் சட்டத்தில் இடம் உண்டு.

இந்த இடத்தில்தான் மத்திய சட்டமும் உள்ளே வருகிறது. 1994 முதல், நோட்டீஸ் கொடுத்து விசாரணை நடத்தி, வாழ்க்கைத் துணைக்கோ பிள்ளைக்கோ பாதுகாப்பாகத் தரப்பட்ட உத்தரவு நடப்பில் இருக்கும்வரை, அந்த ஆள் நாட்டின் எந்த மூலையிலும் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது குற்றம். 2022இல் இதன் அதிகபட்சத் தண்டனையை 10 ஆண்டிலிருந்து 15 ஆண்டாக உயர்த்தினார்கள். ஆயுதம் வைத்திருப்பது அரசியலமைப்பு தந்த உரிமை, அதனால் இந்தச் சட்டம் செல்லாது என்று டெக்சாஸிலிருந்து ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ரஹிமி வழக்கு என்பார்கள். தடை உத்தரவு இருந்த ரஹிமியின் அறையைப் போலீஸ் சோதனை போட்டபோது ஒரு கைத்துப்பாக்கி, ஒரு ரைஃபிள், தோட்டாக்கள், கூடவே அந்தத் தடை உத்தரவின் நகலும் கிடைத்தன. 2024 ஜூன் 21 அன்று 8க்கு 1 என்ற கணக்கில் சட்டம் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. ஆக, ‘இரண்டாம் திருத்தம் இருக்கே’ என்று வாட்ஸ்அப்பில் யாராவது தைரியம் சொன்னால் நம்பாதீர்கள்.

மாநில அளவில், தடை இருக்கிறது என்று தெரிந்தே துப்பாக்கி வைத்திருந்தால் ஓராண்டு வரை ஜெயில், 1000 டாலர் வரை அபராதம். பதிவில் துப்பாக்கி இருந்து பிறகு தடைக்கு உள்ளானவர்களின் பட்டியலை மாநில நீதித்துறை (டிபார்ட்மென்ட் ஆஃப் ஜஸ்டிஸ்; கோர்ட் அல்ல) தனியாகவே வைத்திருக்கிறது. ஏஜென்ட்டுகள் கதவைத் தட்டுவார்கள்.

விசாவில் இருப்பவர்களுக்கு

எச்-1பி, எல்-1, எஃப்-1, எச்-4 போன்ற விசாக்களில் உள்ளவர்கள், தடை உத்தரவு இல்லாவிட்டாலும், பொதுவாகத் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கவே கூடாது. செல்லத்தக்க வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. வார இறுதியில் ஆபீஸ் நண்பர்களோடு ஷூட்டிங் ரேஞ்சுக்குப் போய் வாடகைத் துப்பாக்கியோடு செல்ஃபி போடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்கவும். கையில் பிடிப்பதும் சட்டத்தின் கண்ணில் வைத்திருப்பதுதான்.

கிரீன் கார்டு இருப்பவர்கள் வாங்கலாம். ஆனால் தடை உத்தரவின் பாதுகாப்புப் பகுதியை, அதாவது மிரட்டல், தொல்லை, காயம் சம்பந்தப்பட்ட பகுதியை, மீறியதாக ஒரு கோர்ட் கண்டால் அதுவே நாடு கடத்தக் காரணம் ஆகலாம். குற்றத் தண்டனை கூடத் தேவையில்லை. துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றால் அது தனிக் காரணம். எனவே குடும்ப வக்கீலோடு குடியேற்ற வக்கீலையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். செலவுதான், என்ன செய்வது.

திரும்ப வாங்குவது

உத்தரவு காலாவதியானாலோ ரத்தானாலோ துப்பாக்கி தானாக வீடு வந்து சேராது. மாநில நீதித்துறைக்கு விண்ணப்பித்து, கட்டணம் கட்ட வேண்டும். உங்கள் பின்னணியைச் சரிபார்த்து, வைத்திருக்கத் தகுதி உண்டு என்றால் ஒரு கடிதம் அனுப்புவார்கள். அது 30 நாள்தான் செல்லும். அதையும் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு முன்கூட்டியே போன் செய்துவிட்டுப் போங்கள். வைத்திருந்ததற்கான கட்டணம் கேட்டால் கட்டிவிட்டு வாங்கலாம். திரும்பவே வேண்டாம் என்றால், ஸ்டேஷனில் இருக்கும்போதே லைசென்ஸ் வியாபாரிக்கு விற்றுவிடலாம். உத்தரவு நடப்பில் இருக்கும்போதே இது முடியும், ஒரே தடவைதான் அனுமதி, இருப்பதை எல்லாம் சேர்த்து. திரும்ப எடுக்கலாம் என்று ஸ்டேஷன் தகவல் அனுப்பி 180 நாள் ஆகியும் யாரும் வராவிட்டால் அழித்துவிடுவார்கள். வீடு மாறியிருந்தால் புது முகவரியை ஸ்டேஷனுக்குச் சொல்லி வையுங்கள். இல்லாவிட்டால் அந்தத் தகவல் பழைய வீட்டுக்குத்தான் போகும்.